அவையல் வெளி: நகர நடையும் இடக்கரடக்கலும்

நகரத்தை நடந்து வாசிப்பது என்பது கோட்பாட்டுக் கட்டுரைகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பாரிஸின் கடைவீதிகளில் வேலைவெட்டி இல்லாமல் சுற்றித் திரிகிறவனைப் பற்றி வால்டர் பெஞ்சமின் எழுதியது ஒரு தொடக்கம். பிறகு மிஷெல் த செர்த்தோ. 1980இல் வெளியான அவருடைய நூலில் 'நகரத்தில் நடத்தல்' என்ற அத்தியாயம் நியூயார்க் உலக வணிக மையத்தின் 110ஆவது மாடியில் ஆரம்பிக்கிறது. மேலேயிருந்து பார்க்கிறவனுக்கு நகரம் ஒரு வரைபடம். கீழே நடக்கிறவனுக்கு அது பேச்சு. மொழிக்கும் பேச்சுக்கும் என்ன உறவோ அதுவே நகரத்துக்கும் நடைக்கும் உள்ள உறவு என்பது அவர் வாதம். நடக்கிறவன் குறுக்குவழியில் புகுகிறான், சுற்றிப் போகிறான், ஒரு தெருவைத் தவிர்க்கிறான். இவையெல்லாம் அவன் பேசும் வாக்கியங்கள். அதிகாரம் போட்டுக் கொடுத்த தெருவை அவன் தன் காலால் மாற்றி எழுதிவிடுகிறான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் காலையிலிருந்து பொழுது சாயும்வரை நடந்த இந்த ஆள் எங்கே ஒண்ணுக்குப் போனான்?

விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நடையைப் பேச்சு என்று ஒத்துக்கொண்டால் பேச்சின் இலக்கணத்தையும் நடைக்குப் பொருத்திப் பார்த்தாக வேண்டும். தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குத் தெரியும்: நன்னூல் வழக்கை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு என்று இரண்டாக்குகிறது. தகுதி வழக்கில் மூன்று. இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. முதலாவதற்கு வகுப்பில் சொல்லப்படும் உதாரணம் 'கால் கழுவி வந்தேன்' என்பது. ஆசிரியர் அதைச் சொல்லிவிட்டு வேகமாக மங்கலத்துக்குத் தாவிவிடுவார். இடக்கரடக்கலை விளக்குவதற்கே ஒரு இடக்கரடக்கல் தேவைப்படுகிறது. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இதே விஷயத்தை 'அவையல் கிளவி' என்கிறது. அவையில் சொல்லத் தகாத சொல். இந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இலக்கணக்காரர் அந்தச் செயலை அசிங்கம் என்று சொல்லவில்லை. அந்தச் சொல் அவைக்கு ஆகாது என்கிறார், அவ்வளவுதான். அப்படியானால் இடக்கரடக்கலைத் தீர்மானிப்பது உடம்பு அல்ல, அவை. அவையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், யாருடைய காது கூசும், யார் அங்கே வருவார்கள் என்று யாருமே நினைக்கவில்லை என்பதையெல்லாம் பொறுத்தது அது.

சென்னையில் பொதுக் கழிப்பறை இல்லை என்று சொல்லிப் புலம்புவது என் நோக்கமில்லை. இருக்கின்றன. மாநகராட்சியின் கணக்கில் இருக்கின்றன, ஒப்பந்தப் புள்ளிகளில் இருக்கின்றன, திறப்புவிழாக் கல்வெட்டுகளில் இருக்கின்றன. நான் சொல்வது, அவை நகரத்தின் இடக்கரடக்கலாக இருக்கின்றன என்பது. சொல்லை மறைத்துச் சொல்வதுபோல இடத்தை மறைத்துக் கட்டுகிறோம். மேம்பாலத்துக்கு அடியில், பூங்காவின் பின்சுவரை ஒட்டி, குப்பைத் தொட்டிகள் நிற்கும் மூலையில். தெருமுனையில் அம்புக்குறி போட்டு வழிகாட்டும் பலகை கோயிலுக்கு உண்டு, நகைக்கடைக்கு உண்டு, இதற்கு அபூர்வம். ஆகவே கேட்டுத்தான் போக வேண்டும். கேட்பதற்கு ஒரு சொல் வேண்டும். அந்தச் சொல்லை அவையில் சொல்லக் கூடாது. ஆணுக்கு இந்தச் சிக்கல் பெரிதாக இல்லை. அவனுக்கு நகரம் முழுக்கச் சுவர் இருக்கிறது.

*

சொல்லிலிருந்தே ஆரம்பிக்கலாம். நான் இருக்கும் அச்சரப்பாக்கத்திலிருந்து கிழக்கே போனால் கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். அங்கே டச்சுக்காரர்களின் கோட்டை இடிந்தும் இடியாமலும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் துணி வாங்க வந்தவர்கள். அவர்கள் போய்விட்டார்கள், 'கக்கூஸ்' என்ற சொல் நின்றுவிட்டது. டச்சு மொழியில் 'கக்ஹெளஸ்' என்றால் பீ வீடு. ஒளிவுமறைவே இல்லாத சொல். நமக்கு அதன் அர்த்தம் தெரியாததால் அது கௌரவமாக ஒலித்திருக்க வேண்டும். புழங்கப் புழங்க நாறியது. உடனே 'லெட்ரின்' வந்தது. அதுவும் நாறியது. 'பாத்ரூம்' வந்தது, குளிக்காமலேயே பாத்ரூம் போனோம். பிறகு 'டாய்லெட்'. இப்போது 'ரெஸ்ட்ரூம்', ஓய்வெடுக்காத ஓய்வறை. பெரிய ஓட்டல்களில் 'ஒப்பனை அறை' என்று தூய தமிழில் எழுதியிருக்கிறது. நாடக மேடைக்குப் பின்னால் இருக்க வேண்டியது. ஒவ்வொரு சொல்லும் பத்திருபது வருஷம் உழைத்துவிட்டு அசிங்கமாகி ஒதுங்கிக்கொள்கிறது. சொல்லை மாற்றுகிறோமே தவிர அறையைக் கழுவுவதில்லை.

அரசாங்கமும் இதே விளையாட்டைத்தான் ஆடியது. 2006இல் தமிழ்ப் பெயர் வைத்த சினிமாவுக்குக் கேளிக்கை வரிவிலக்குக் கொடுத்த மாநிலம் இது. அதே மாநிலம் 2010களின் முற்பகுதியில் கொண்டுவந்த இலவசக் கழிப்பறைத் திட்டத்துக்கு 'நம்ம டாய்லெட்' என்று பெயர் வைத்தது. தாம்பரத்தில் ஆரம்ப நாட்களிலேயே வந்தது. காற்றோட்டமும் வெளிச்சமும் யோசித்துச் செய்த கூடுகள் அவை. குறை சொல்ல மாட்டேன். எனக்கு உறுத்துவது அந்த 'நம்ம'. உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. முன்னிலையையும் சேர்த்துக்கொள்ளும் பன்மை. யார் யாரெல்லாம் இந்த நம்மவர்?

ஆங்கிலத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்ற பொறியாளர் காசு கொடுத்துப் பயன்படுத்தும் கழிப்பறைகளை வைத்தார். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்கொரு பென்னி கொடுத்துப் போனார்கள். ஒண்ணுக்குப் போவதை 'ஒரு பென்னி செலவழிக்கப் போகிறேன்' என்று சொல்லும் வழக்கம் இப்படிக் காசு வாங்கிய கழிப்பறைகளிலிருந்து வந்தது. அவர்கள் அசிங்கத்தைக் காசுக்குள் மறைத்தார்கள். நாம் எண்ணுக்குள் மறைத்தோம். ஒண்ணு, ரெண்டு. பள்ளிக்கூடத்தில் ஒரு விரல், இரண்டு விரல். எண்ணுக்கு நாற்றமில்லை. இன்று பேருந்து நிலைய வாசலில் எண்ணும் காசும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஒண்ணுக்கு இவ்வளவு, ரெண்டுக்கு இவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நீங்கள் உள்ளே எதற்குப் போகிறீர்கள் என்பதை ஒரு முன்பின் தெரியாதவரிடம் அறிவித்துவிட்டுத்தான் போக முடியும். இடக்கரடக்கலின் மொத்த நோக்கமும் அந்த மேசையில் தோற்கிறது.

*

இனி சுவர்கள். சென்னைச் சுவர்களை யாராவது உட்கார்ந்து முறையாகத் தொகுத்தால் அது நல்லதொரு பிரதியாக இருக்கும். 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்பது சாது. 'கழிப்பவன்' என்று ஆரம்பித்து நாய், கழுதை என்று முடிவது கொஞ்சம் கோபக்காரச் சுவர். சொல்லால் முடியாதபோது படம். பீங்கான் ஓட்டில் பிள்ளையார், பக்கத்தில் ஏசு, அதற்கடுத்து மெக்கா. நாட்டில் வேறெங்கும் காணக் கிடைக்காத மத நல்லிணக்கம் இரண்டடி உயரத்தில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கிறது. காவலுக்கு ஆள் போட வக்கில்லாத இடத்தில் கடவுளைப் போட்டிருக்கிறார்கள்.

இந்தப் பிரதியின் முன்னிலை யார் என்று பாருங்கள். 'கழிப்பவன்' - ஆண்பால் ஒருமை விகுதி. 'கழிப்பவள்' என்று எழுதிய ஒரு சுவரை நான் பார்த்ததில்லை. நகரம் ஆணைத் திட்டுகிறது, மிரட்டுகிறது, சாமியைக் காட்டிப் பயமுறுத்துகிறது. ஆக, அவனோடு பேசிக்கொண்டிருக்கிறது. தடை விதிப்பதும் ஒருவகை அங்கீகாரம்தானே. உனக்கு முட்டும், நீ இங்கே நிற்பாய் என்று எனக்குத் தெரியும் என்கிறது சுவர். பெண்ணுக்கு முட்டும் என்கிற செய்தி சுவருக்கு எட்டவேயில்லை. அவளைத் தடுக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

இதனால் பெண்ணின் தலைக்குள் வேறொரு வரைபடம் உண்டாகிறது. எழும்பூரில் இறங்கி, பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம், அங்கிருந்து அண்ணா சாலை, அப்புறம் திருவல்லிக்கேணியில் பாரதி சாலை நடைபாதைப் பழைய புத்தகக் கடைகள். ஞாயிற்றுக்கிழமையில் ஆய்வு மாணவர்கள் பலரும் நடக்கிற பாதைதான். ஆண் நண்பர்கள் இந்தப் பாதையைப் புத்தகக் கடைகளாலும் டீக்கடைகளாலும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். நான் ஞாபகம் வைத்திருப்பது கதவுகளால். இந்த ஜவுளிக்கடையில் மூன்றாவது மாடி, புடவை பார்ப்பதுபோல ஏற வேண்டும். அந்த ஓட்டலில் காபி வாங்கினால்தான் கதவு திறக்கும். காபி குடித்தால் அடுத்த ஒரு மணி நேரத்தில் இன்னொரு கதவு வேண்டும். ஒரு வாசகசாலையில் பெண்கள் கழிப்பறைச் சாவி ஓர் அலுவலரின் மேசை இழுப்பறையில் இருக்கும். அவர் சாப்பிடப் போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். த செர்த்தோவின் நடையர் தன் வாக்கியத்தை எங்கே வேண்டுமானாலும் திருப்புவார். எங்கள் வாக்கியத்தில் நிறுத்தற்குறிகள் முன்கூட்டியே போடப்பட்டிருக்கின்றன.

விக்டோரியா காலத்து லண்டனைப் பற்றி எழுதும் ஆய்வாளர்கள், பெண்களைக் கட்டிவைத்த 'சிறுநீர்க் கயிறு' என்று ஓர் உருவகத்தைப் பயன்படுத்துகிறார்கள். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதை மூத்திரப்பை தீர்மானித்தது என்பது பொருள். நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முளைக்குச்சியில் கட்டின ஆடு, கயிறு நீளத்துக்குத்தான் மேயும். நம்மூரில் கயிற்றை நீளமாக்குகிற வழி ஒன்றுதான், தண்ணீர் குடிக்காமல் இருப்பது. "பஸ்ஸுல போறவ தண்ணி குடிக்காதடி, வழியில எங்க போயி நிப்ப" என்பது அம்மாக்கள் மகள்களுக்குக் கொடுக்கிற முதல் நகரக் கோட்பாடு. விளைவு நீர்க்கடுப்பு. அதையும் வீட்டில் 'சூடு' என்றுதான் சொல்வோம். இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள்.

*

லக்கான் 1957இல் ஒரு படம் போட்டார். சசூரின் குறி பற்றிய விளக்கத்தில் மரம் என்ற சொல்லும் மரத்தின் படமும் வரும். லக்கான் அதை நீக்கிவிட்டு, ஒரே மாதிரியான இரண்டு கதவுகளை வரைந்தார். மேலே ஆண்கள், பெண்கள் என்று இரண்டு சொற்கள். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் அண்ணனும் தங்கையும், ரயில் நிலையத்தில் நிற்கும்போது சன்னல் வழியே ஆளுக்கொரு பலகையைப் பார்த்துவிட்டு அதையே ஊர்ப்பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கதவுகளில் வித்தியாசமில்லை, சொற்கள்தான் வித்தியாசத்தை உண்டாக்குகின்றன என்று காட்ட அவருக்கு இந்தக் கதை. குறிப்பானின் விளையாட்டு என்று இதை எவ்வளவோ பேர் மேற்கோள் காட்டியாகிவிட்டது.

நம் பேருந்து நிலையத்துக்கு இதைக் கொண்டுவந்தால் படம் உடைந்துவிடும். இங்கே கதவுகள் ஒரே மாதிரி இல்லை. மீசை வைத்த முகம் வரைந்த பக்கம் அநேகமாகக் கதவே கிடையாது, தடுப்புச் சுவர் மட்டும். நின்றுவிட்டுக் காசு கொடுக்காமல் போகலாம். பொட்டு வைத்த முகம் வரைந்த பக்கம் மேசை, தகரப் பெட்டி, சில்லறை. நின்றுகொண்டு போனால் இலவசம், உட்கார்ந்தால் கட்டணம் என்பது பாரபட்சமற்ற விதிபோலத் தோன்றும். உடலமைப்பை விலைப்பட்டியலாக மாற்றுகிற விதி அது. மும்பையில் 2011இல் பெண்கள் அமைப்புகள் சேர்ந்து கையில் எடுத்த கோரிக்கை இதுதான்: ஆண்கள் சும்மா போகிறார்கள், எங்களிடம் மட்டும் எதற்குக் காசு? அதே ஆண்டு வெளியான 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூலில் ஷில்பா பட்கேயும் சமீரா கானும் ஷில்பா ரானடேயும், மும்பையில் காரணமில்லாமல் சுற்றும் உரிமையைப் பெண்ணுக்குக் கேட்டபோது கழிப்பறையையும் சேர்த்தே பேசினார்கள். சுற்றுவதற்குக் காரணம் வேண்டாம்; சுற்றுகிறவளுக்கு இடம் வேண்டும்.

லக்கானின் இரண்டு கதவுகளில் எதிலும் நுழைய முடியாதவர்கள் இருக்கிறார்கள். திருநங்கை ஒருவர் 'பெண்கள்' பக்கம் போனால் உள்ளே கூச்சல், 'ஆண்கள்' பக்கம் போனால் வேறு வகை ஆபத்து. 2014 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் நல்சா வழக்கில் கொடுத்த தீர்ப்பு, மூன்றாம் பாலினத்தவருக்குத் தனிப் பொதுக் கழிப்பறைகள் அமைக்க வேண்டும் என்று அரசுகளுக்குச் சொன்னது. அரவாணிகளுக்கு 2008லேயே நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. மூன்றாவது பலகையை எத்தனை பேருந்து நிலையங்களில் பார்த்திருக்கிறீர்கள் என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளட்டும். பலகை மாட்டினாலும் சிக்கல் தீராது என்பது வேறு. அந்தக் கதவில் நுழைவதே ஊரறிய ஒரு பிரகடனமாகிவிடுகிறது.

*

தமிழ்ப் புனைகதையில் நடக்கிறவர்கள் நிறைய. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' 1943இல் வந்தது. கந்தசாமிப் பிள்ளை பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் நின்று, டிராமில் போவதா நடப்பதா என்று காலணாக் கணக்குப் போடுகிறார். கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இருவரும் ஓட்டலுக்குப் போய்க் காப்பி குடிக்கிறார்கள். நகரத்தின் பொருளாதாரத்தை இந்த அளவுக்குக் கறாராகச் சொன்ன கதை தமிழில் குறைவு. காசு, பசி, வட்டி, சந்தா, எல்லாமே வருகின்றன. பிள்ளையவர்கள் சித்த வைத்தியப் பத்திரிகை வேறு நடத்துகிறவர். ஆனால் காப்பி குடித்த கடவுளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கதை கவலைப்படவில்லை. கவலைப்பட வேண்டிய அவசியமில்லை, கடவுள் ஆண்பிள்ளை வேஷத்தில் வந்திருந்தார். அம்மன் வந்து வழி கேட்டிருந்தால் புதுமைப்பித்தனுக்கே கதையை நகர்த்துவது சிரமமாக இருந்திருக்கும். பிராட்வேயில் அவளை அவர் எங்கே அழைத்துக்கொண்டு போயிருப்பார்?

இதைப் புதுமைப்பித்தன் மீதான குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே'யில் (1974) கந்தன் ஒரு நாள் முழுக்க ஊரைச் சுற்றுகிறான். நாவலின் கட்டுமானமே அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாள் ஒரு பெண்ணுடையதாக இருந்தால் நாவலின் கட்டுமானம் என்னவாகும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை கதை எங்காவது ஒதுங்கியாக வேண்டும். யாருடைய நடை இடைவெளியில்லாமல் ஓடுகிறதோ அவனைச் சுற்றித்தான் நம்முடைய நகர யதார்த்தவாதம் பின்னப்பட்டிருக்கிறது என்பது என் கணிப்பு.

உடல் அரசியல் பேசப்பட்ட காலத்திலாவது இது மாறியதா? 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது நடந்த ரகளை பலருக்கும் நினைவிருக்கும். பெண் கவிஞர்கள் உடல் உறுப்புகளின் பெயரைக் கவிதையில் எழுதலாமா என்று பத்திரிகைகளும் மேடைகளும் அலறின. உண்மையில் அது இடக்கரடக்கல் பற்றிய விவாதம்தான். அவையல் கிளவியை அவையில் சொன்னதற்கான தண்டனை. அவர்கள் ஜெயித்தார்கள். ஆனால் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சண்டை போட்டது பார்க்கப்படுகிற உடலைப் பற்றி, ஆசைக்குரிய உடலைப் பற்றி. மூத்திரப்பைக்கு அந்தச் சண்டையில் இடமில்லை. அது யாருடைய ஆசையிலும் சேர்த்தியில்லை. ஃபூக்கோவை வைத்து உடலை எழுதியவர்கள் சிறைச்சாலைக்குப் போனார்கள், மருத்துவமனைக்குப் போனார்கள், படுக்கையறைக்குப் போனார்கள். இந்த அறைப் பக்கம் எட்டிப் பார்த்தவர்கள் சொற்பம். பெருமாள்முருகன் ஒரு தொகுப்புக்குப் 'பீக்கதைகள்' என்று பேர் வைத்ததை இதனால்தான் முக்கியமான இலக்கண மீறலாகக் கருதுகிறேன். அட்டையிலேயே இடக்கரை அடக்காமல் விட்டார்.

*

கழிப்பறையை நேராகக் கதைக்குள் கொண்டுவந்த ஒரு சினிமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010). ரங்கநாதன் தெருக் கடைகளில் வேலை செய்கிறவர்களைப் பற்றிய படம். அதில் ஒரு கிளைக்காட்சி. கேட்பாரற்று நாறிக் கிடக்கிற பொதுக் கழிப்பறையை ஒருவன் தானே கழுவிச் சுத்தம் செய்து, வாசலில் நின்று காசு வாங்க ஆரம்பிக்கிறான். பிழைத்தும் கொள்கிறான். அரங்கில் கைதட்டல் வாங்கிய காட்சி. உழைத்தால் மூத்திரத்திலும் காசு பார்க்கலாம் என்ற முன்னேற்றக் கதையாடல்.

எனக்கு அந்தக் காட்சி பிடித்திருக்கிறது. அதே அளவுக்கு உறுத்தவும் செய்கிறது. இந்த நாட்டில் கழிப்பறையைக் கழுவ முன்வருகிறவனுக்கு ஒரு சாதி இருக்கிறது. காட்சியில் அது இல்லை. கழுவுவதை ஒரு தனிமனிதனின் துணிச்சலான தொழில் யோசனையாகப் படம் காட்டும்போது, தலைமுறை தலைமுறையாக யோசனை கேட்கப்படாமலேயே அந்த வேலையில் தள்ளப்பட்டவர்கள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுகிறார்கள். 2017இல் வந்த திவ்யபாரதியின் ஆவணப்படம் காட்டியது அவர்களை. அதற்கு அவர் வைத்த பெயர் 'கக்கூஸ்'. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம் வந்த பிறகு எடுக்கப்பட்ட படம் அது. 'அங்காடித் தெரு'வையும் 'கக்கூஸ்' படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க வேண்டும். முதலாவதில் கழுவுகிறவன் முதலாளி ஆகிறான்; இரண்டாவதில் கழுவுகிறவர்கள் கழுவுகிறவர்களாகவே நீடிக்கிறார்கள்.

கட்டணக் கழிப்பிடம் என்ற ஏற்பாட்டின் கதையும் இங்கேதான் சேர்கிறது. 1970இல் சுலப் அமைப்பைத் தொடங்கிய பிந்தேஷ்வர் பாதக், 1974இல் பாட்னாவில் காசு கொடுத்துப் பயன்படுத்தும் பொதுக் கழிப்பறையைத் திறந்தார். 2023இல் அவர் இறந்தபோது எழுதப்பட்ட இரங்கல்கள், மலம் அள்ளுகிறவர்களை மீட்டெடுக்க முயன்றவர் என்று சரியாகவே சொல்லின. கட்டணம் என்பது பராமரிப்புக்கு ஒரு வழி, மறுக்க முடியாது. ஆனால் பொது இடத்தின் செலவை உடலின் அவசரத்திடமிருந்து வசூலிப்பது என்ற கொள்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது. தெருவிளக்குக்குக் கீழே நடக்கக் காசு கேட்டால் கலகம் வரும். இதற்குக் கேட்டால் வராது, ஏனென்றால் கலகம் செய்ய வேண்டியவர்களுக்கு அந்த நேரத்தில் அவகாசமில்லை.

அங்காடித் தெருப் பெண்களின் நிலைமை வேறு. அவர்கள் நடக்கிறவர்கள் அல்லர், நிற்கிறவர்கள். தமிழ்நாட்டில் 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சொன்னார்கள். இதற்கு முன்னோடி கேரளத்தின் 2018ஆம் வருஷத் திருத்தம். அதற்கும் முன்னோடி கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள். விஜி என்ற தையல்காரப் பெண் முன்னின்று கட்டிய 'பெண்கூட்டு' அமைப்பு உட்காரும் உரிமைக்காகப் பிறகு போராடியது. முதலில் கேட்டது ஒண்ணுக்குப் போக ஓர் இடம். பக்கத்துக் கடைத்தொகுதியில் ஆண்களுக்கு இருந்தது, இவர்களுக்கு இல்லை. மலையாளத்தில் அந்த இடத்தின் பெயர் மூத்ரப்புர. தெருவில் நின்று அந்தப் பெயரையே சொல்லிக் கேட்டார்கள். தொழிற்சங்க மேடை என்பதும் ஓர் அவைதான். அந்த அவையில் அதுவரை கூலி, போனஸ், எட்டு மணி நேரம் என்ற சொற்கள் இருந்தன. அவையல் கிளவி ஒன்று கோரிக்கையாக உள்ளே வந்து உட்கார்ந்தது. தமிழில் இதற்கு இணையாக ஒரு போராட்ட முழக்கம் எழும்பவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு. நம் முழக்கங்களுக்கு எதுகை மோனை வேண்டியிருக்கிறது.

*

அச்சரப்பாக்கம் என்பது அச்சு இறு பாக்கம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவனின் தேர் அச்சு முறிந்து இங்கே நின்றது என்று தலபுராணம். தேர் நின்ற ஊரில் இப்போது எதுவும் நிற்பதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் விரைவுப் பேருந்துகள் புறவழியாகப் போய்விடுகின்றன. 2023 டிசம்பர் 30இல் கிளாம்பாக்கம் முனையம் திறந்த பிறகு தெற்கிலிருந்து வருகிறவர்கள் அங்கேயே இறங்கி, நகரத்துக்குள் போக இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்கு ஓடும் புறநகர் மின்ரயிலில் கழிப்பறை கிடையாது. இந்த நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தூரத்தைப் பெண்கள் தங்கள் உடம்பில் தேக்கிக்கொண்டுதான் கடக்கிறார்கள்.

மார்கழி, தை மாதங்களில் இந்தச் சாலை சிவப்பாகிவிடும். பக்கத்திலிருக்கிற மேல்மருவத்தூருக்கு இருமுடி கட்டி வருகிற பெண்கள். மாதவிலக்குத் தீட்டு என்று யாரையும் ஒதுக்காமல், பெண்களே கருவறைக்குள் போய்ப் பூசை செய்யலாம் என்ற கோயில் அது. நம்பிக்கை எனக்கு எவ்வளவு என்பது இங்கே முக்கியமில்லை; பெண்ணுடம்பைப் பற்றிய ஒரு பழைய இடக்கரை அந்தக் கோயில் அடக்காமல் விட்டது என்பது முக்கியம். ஆனால் கருவறைக்குள் போக முடிகிற அதே உடம்புக்கு வழியில் ஒரு கதவு இல்லை. வண்டிகள் நிற்கிற நெடுஞ்சாலை ஓட்டல்களில் வரிசை சாலைவரை நீண்டிருக்கும், காசும் வாங்குவார்கள். அதனால் பல வேன்கள் இருட்டான இடமாகப் பார்த்து ஓரங்கட்டும். பெண்கள் கும்பலாக இறங்குவார்கள். நாலைந்து பேர் வெளிப்பக்கம் முகம் வைத்து வட்டமாக நின்று, ஒரு சிவப்புப் புடவையைப் பிரித்து ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொள்வார்கள். உள்ளே ஒவ்வொருவராகப் போய் வருவார்கள். வயசானவர்களுக்கு முதலில் இடம். பிடித்து நிற்கிறவர்களும் முறை மாறிக்கொள்வார்கள். காசு இல்லை, பலகை இல்லை, ஆண்பால் விகுதி இல்லை. நகரம் கட்டிக் கொடுக்காத சுவரை அவர்கள் துணியில் கட்டி, வேலை முடிந்ததும் உதறி மடித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். த செர்த்தோ இதைப் பார்த்திருந்தால் எளியவர்களின் தந்திரம் என்று கொண்டாடி ஓர் அத்தியாயம் எழுதியிருப்பார். புடவையைப் பிடித்தபடி நின்ற அம்மா ஒருத்தி சொன்னது இவ்வளவுதான்: "டிரைவர் தம்பி, அந்த லைட்ட மட்டும் கொஞ்சம் அணைப்பா."